லுபுட்டோ அம்மாவும் பதினேழு கட்டங்களும்

எங்கள் துறை அலுவலகத்தில் இரண்டு மேசைகள். கதவருகே இருந்தது என்னுடையது. வகுப்பு அட்டவணை, தேர்வு அறை ஒதுக்கீடு எல்லாம் என் வேலை. ஜன்னலருகே இருந்தது ஃபெலிஸ்டஸ் கடோங்கோவுடையது. இயந்திரவியலில் முதுநிலைப் பட்டத்துக்குச் சேருகிறவர்களின் கோப்புகள் முழுக்க அவர் பொறுப்பு. மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி லுபுட்டோ அம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பதினாறு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம். அத்தனை வருடத்தில் நான் சொன்ன எதையும் அவர் முதல் தடவையில் நம்பியதில்லை. மழை வருகிறது என்று சொன்னால்கூட எழுந்து போய், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையைத் தேடுவார்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஒரிஜினல் அம்மா. யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

"ஒரிஜினல் எங்க?"

முதுநிலைப் பட்டம் வாங்க எங்கள் துறையில் பதினேழு நிபந்தனைகள் இருந்தன. லுபுட்டோ அம்மா அவற்றை ஒரு மஞ்சள் தாளில் பதினேழு கட்டங்களாகப் போட்டு, ஒவ்வொரு கோப்பின் மேலும் தைத்து வைத்திருப்பார். இளநிலைப் பட்டத்தில் இரண்டாம் வகுப்பின் மேல்நிலையாவது வேண்டும். அந்தச் சான்றிதழ் உண்மைதான் என்று தகுதி ஆணையம் எழுதித் தர வேண்டும். அப்புறம் எட்டுப் பாடம், அதில் உயர்கணிதம் கட்டாயம். ஆய்வுத் திட்டத்தைக் குழு ஏற்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை முன்னேற்ற அறிக்கை வர வேண்டும், இரண்டு தடவை எல்லார் முன்னாலும் நின்று பேச வேண்டும், ஆய்வேட்டில் பிறர் எழுதியது எவ்வளவு இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். இப்படிப் போய், நாலு பிரதி பைண்டு செய்து கொடுப்பதில் முடியும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இத்தனையும் நாலு வருடத்துக்குள். நாலு வருடம் தாண்டினால் பதிவு ரத்து.

ஆய்வு நெறிக்குழுவின் அனுமதி ஒன்பதாவது கட்டம். கொதிகலனைப் பற்றி ஆராய்ந்த ஒருவன் அதில் எரிச்சல்பட்டு, "அம்மா, நான் ஆராய்றது கொதிகலன. அதுகிட்டப் போய்ச் சம்மதம் கேக்கணுமா?" என்றான்.

"கொதிகலன்கிட்ட வேணாம். அது வெடிச்சா பக்கத்துல நிக்கப்போறவன்கிட்டக் கேளு," என்றார்.

அவர் பிறவியிலேயே இப்படி இல்லை என்பார்கள். அவருடைய தேவாலயத்தில் பாடல் குழுவில் இருந்த ஒருவர், வெகு இனிமையாகப் பேசுகிறவர், முதுநிலைக்கு விண்ணப்பித்தார். சான்றிதழின் நகலை நீட்டி, "ஒரிஜினல் வீட்ல இருக்கு சிஸ்டர், ஞாயித்துக்கிழமை ஆராதனைக்குக் கொண்டுவந்து காட்டுறேன்," என்றார். லுபுட்டோ அம்மா நம்பி முத்திரை குத்தினார். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, பாட்டுகளும் வந்தன, ஒரிஜினல் வரவில்லை. அந்த மனிதர் எட்டுப் பாடத்தையும் முடித்து, பாதிப் படிப்பைக் காட்டியே ஒரு உருக்காலையில் வேலைக்கும் சேர்ந்த பிறகுதான், அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இளநிலை முடிக்கவே இல்லை என்று தெரிந்தது. விசாரணை வந்தது. லுபுட்டோ அம்மாவை மூன்று மாதம் வீட்டில் உட்காரவைத்தார்கள். கையூட்டு வாங்கியிருப்பார் என்று நாத்தனார்கள் ஊரெல்லாம் பேசினார்கள். அவர் வாங்கியது ஒன்றுமில்லை, ஒரு ஏமாற்றத்தைத் தவிர.

திரும்பி வந்தவர் வேறு ஆளாக வந்தார். சந்தையில் தக்காளிக் குவியலை மேலிருந்து எடுக்கமாட்டார், அடியில் கைவிட்டு எடுப்பார். மகள் லுபுட்டோவைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டின் தூதுவர் வந்தபோது, தட்டில் வைத்த காணிக்கையைத் தொடுவதற்கு முன்னால் தூதுவரின் அடையாள அட்டையைக் கேட்டார். அந்த மனிதர் வேர்த்துப்போய்ப் பையைத் துழாவியதை லுபுட்டோ அப்பா இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

நான் சொல்லவந்தது கெர்ஷோம் சில்வாம்பாவின் விஷயம். மழை பொய்த்து, எங்களுக்கு மின்சாரம் தரும் கரிபா ஏரி வற்றி, நாடே இருட்டில் கிடந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரி அது.

கெர்ஷோம் முப்பத்திரண்டு வயதுக்காரன். சிங்கோலா சுரங்கத்தில் பம்பு பழுதுபார்க்கும் பிரிவில் வேலை. மண்ணும் தண்ணீரும் கலந்த சகதியை இறைக்கும் பம்புகளில் இறக்கைகள் எவ்வளவு சீக்கிரம் தேய்கின்றன என்பதுதான் அவன் ஆய்வு. அதற்கு ஒரு கருவி எங்கள் பட்டறையில் இருந்தது. ஒரு இரும்பு டிரம். அதில் மணலும் தண்ணீரும் ஊற்றி, சின்னச் சின்ன உலோகத் துண்டுகளைச் சுழலும் தண்டில் மாட்டி, முப்பத்தாறு மணி நேரம் நிறுத்தாமல் சுற்றவிட வேண்டும். பிறகு துண்டுகளை எடுத்து, காய்ந்ததும் எடை போட்டால் எவ்வளவு தேய்ந்தது என்று தெரியும். பன்னிரண்டு தடவை இப்படிச் செய்ததாக ஆய்வேட்டில் எழுதியிருந்தான்.

மஞ்சள் தாளில் பன்னிரண்டு கட்டங்களில் குறி விழுந்திருந்தது. பதின்மூன்றாவது கட்டம் சோதனைக் குறிப்பேடு. சோதனை நடந்த தேதிகளை லுபுட்டோ அம்மா விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். அப்புறம் சுவரில் தொங்கிய பழைய காலண்டரைக் கழற்றி மேசையில் விரித்தார். போன வருடம் எங்களுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம்தான் மின்சாரம் வந்தது. நகலெடுக்கும் வேலையெல்லாம் அந்த நேரத்துக்குள் முடிய வேண்டும் என்று, கரண்டு வந்ததும் போனதும் அவர் நாள்தோறும் காலண்டரில் எழுதி வைத்திருந்தார்.

"லெங்வே, இங்க வா," என்றார் என்னிடம். "ஜூலை ஒம்பதாம் தேதி கரண்டு எப்ப வந்துச்சு?"

பார்த்தேன். "காலையில அஞ்சு மணியிலேர்ந்து ஒம்பது வரைக்கும்னு எழுதியிருக்கீங்க."

"இவன் ஜூலை ஒம்பது காலையில ஆரம்பிச்சு பத்தாம் தேதி ராத்திரி வரைக்கும் மோட்டார் ஓட்டியிருக்கான். எங்கேர்ந்து வந்துச்சு கரண்டு? சொர்க்கத்துலேர்ந்தா?"

"ஜெனரேட்டர்ல ஓட்டியிருப்பான்."

அவர் அலமாரியைத் திறந்து பழுதுப் பதிவேட்டை எடுத்து என் முன்னால் போட்டார். எங்கள் துறை ஜெனரேட்டர் மே மாதமே உடைந்து, கொட்டகையில் மூடி கழற்றிக் கிடந்தது. உதிரிபாகம் வந்தது டிசம்பரில்.

"ஒனக்கு ஏன் அவன் மேல இவ்ளோ அக்கறை?" என்றார்.

"எனக்கென்ன அக்கறை? தோணினதச் சொன்னேன்."

"தோணுறது எல்லாருக்கும் தோணும்," என்று சொல்லிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அன்று மாலை அந்தக் கோப்பைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை எப்போதும் மாட்டும் ஆணியில் மாட்டாமல் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார். அந்த ஆணி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

மறுநாள் கெர்ஷோமை வரச்சொன்னார். சுரங்கத்து பூட்ஸோடு வந்து நின்றான்.

"ஒக்காருப்பா. ஜூலை மாசம் சோதனைய எதுல ஓட்டின?"

"மோட்டார்லதாம்மா."

"கரண்டு?"

அவன் ஒரு நொடி தாமதித்தான். நான் கவனித்தேன் என்றால் அவர் கவனிக்காமலா இருப்பார்?

"ஜெனரேட்டர்மா."

"எந்த ஜெனரேட்டர்?"

"நம்ம... இல்லம்மா, ஒரு ஃப்ரெண்டோடது. கொஞ்சம் சோலாரும் இருந்துச்சு."

"ஃப்ரெண்டு பேரு?"

"அவன் இப்ப சொல்வெசிக்கு மாறிப் போயிட்டாம்மா."

"ஜெனரேட்டரையும் தூக்கிட்டுப் போயிட்டானா?"

கெர்ஷோம் தரையைப் பார்த்தான்.

"சரி. கையால எழுதின நோட்டு இருக்கும்ல, சோதனை ஓடுறப்ப எழுதினது. அந்த ஒரிஜினலக் கொண்டா. பைண்டு பண்ணினதுல இருக்கிறது டைப் அடிச்சது."

இரண்டு வாரம் ஆயிற்று. மார்ச் கடைசியில் அவனுடைய நாலு வருடம் முடிகிறது. அவன் அவசரம் எனக்குப் புரிந்தது, ஆனால் நோட்டு வரவில்லை. பிப்ரவரி முதல் வாரத்தில் ஒருவழியாகக் கொண்டுவந்தான். நீல அட்டை போட்ட புது நோட்டு. லுபுட்டோ அம்மா பக்கங்களைப் புரட்டினார், முகர்ந்து பார்த்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"ஜூன்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் எழுதினது இது?"

"ஆமாம்மா."

"அஞ்சு மாசம் ஒரே பேனா. மையும் தீரல, எழுத்தும் மாறல. மணலும் தண்ணியும் தெறிக்கிற எடத்துல வெச்சு எழுதியிருக்க, ஒரு பொட்டுக் கறை இல்ல. என் பேரப்பிள்ளையோட பைபிள்கூட இதவிட அழுக்கா இருக்கும்பா."

அவன் நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அரை மணி நேரத்தில் டாக்டர் கலாபா வந்தார். கெர்ஷோமின் வழிகாட்டி அவர்தான். கதவைத் தட்டாமல் வந்தார்.

"லுபுட்டோ அம்மா, நீங்க கிளார்க்கா, விசாரணைக் கமிஷனா? என் மாணவனோட டேட்டா சரியா தப்பான்னு நான் பாத்துக்கிறேன். நீங்க கட்டத்துல குறி போட்டுக் கையெழுத்து வெச்சாப் போதும்."

"டாக்டர், போன வருஷம் ஜூன்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் நீங்க லுசாகால திட்ட வேலையில இருந்தீங்க. சோதனைய ஒரு தடவையாவது நேர்ல பாத்தீங்களா?"

"முன்னேற்ற அறிக்கை வந்துச்சு. கையெழுத்துப் போட்டேன்."

"அதத்தான் கேட்டேன். பாத்தீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கால அட்டவணையைப் பார்த்தேன். "இது எங்க போய் முடியும்னு பாப்போம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பிற்பகல் லுபுட்டோ அம்மா உயர்பட்டக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். காலண்டரின் நகல், பழுதுப் பதிவேட்டின் நகல் எல்லாம் இணைத்து, 'குறிப்பிட்ட நாட்களில் இந்தச் சோதனைகள் நடந்திருக்க வாய்ப்பில்லை. எண்கள் கற்பனையாக எழுதப்பட்டவை என்று கருதுகிறேன்' என்று முடித்திருந்தார். அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் காட்டவில்லை. குழுத் தலைவர் பேராசிரியர் முசுக்வா மார்ச் ஐந்தாம் தேதி விசாரணை வைத்தார்.

எனக்கும் கெர்ஷோம் மேல் சந்தேகம் வந்துவிட்டிருந்தது. உண்மை பேசுகிறவன் இவ்வளவு தடுமாற மாட்டான். பட்டறைத் தொழில்நுட்பர் சகாலாவிடம், "அந்த டிரம் கருவி போன வருஷம் ஓடுச்சா?" என்று கேட்டேன். "எனக்கு ஞாபகம் இல்ல," என்றான். ஐந்து மாதம் ஒரு கருவி ஓடியதா இல்லையா என்பது ஒரு தொழில்நுட்பருக்கு ஞாபகம் இல்லையாம். சகாலா எதையோ மறைக்கிறான் என்று நினைத்தேன். சகாலா என்னை ஒற்றன் என்று நினைத்தான். தேநீர் வேளையில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றது. ஒரு அலுவலகம் முழுக்க ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்க்க ஒரு நீல நோட்டு போதுமாக இருந்தது.

விஷயம் உடைந்தது என் வீட்டுச் சாப்பாட்டு வேளையில். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் என் மனைவி பெர்த்தா ன்ஷிமாக் களியும் வேர்க்கடலைப் பொடி போட்ட பூசணிக்கீரையும் வைத்தாள். களி வழக்கத்தைவிட வெள்ளையாக, வழவழவென்று இருந்தது.

"மாவு கடையில வாங்கினதா? மில்லுல அரைக்கலையா?" என்றேன்.

"காசொம்பே மில்லுக்குப் போறத நாங்க நாலஞ்சு பேரு விட்டுட்டோம். மாவுல மண்ணு கடிக்குது."

"மாவுல மண்ணு எப்படி வரும்?"

"அங்க ஒருத்தன் மண்ணையும் தண்ணியையும் ஒரு டிரம்முல ஊத்திச் சுத்தவிடுவான். போன வருஷம் பூரா நாள் கணக்கா சுத்துச்சு. மில்லுக்காரர் சிமுகொண்டாவோட மருமகன், அக்கா பையன். படிச்ச பையனாம். எடையக் கூட்டுறதுக்கு மண்ண நைசா அரைச்சு மாவுல கலக்குறாங்கன்னு சொன்னாங்க. சில பேரு அது மாவுக்கில்ல, வேற காரியத்துக்குன்னும் சொன்னாங்க. நல்ல மனுசன் எவன் மண்ண அரைப்பான்?"

 நான் சாப்பாட்டை விட்டு எழுந்து ஆபீசுக்குப் போனேன்.

லுபுட்டோ அம்மாவிடம் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இத ஒனக்கு யாரு சொல்லச் சொன்னா?"

"யாரும் சொல்லச் சொல்லல. என் பொண்டாட்டி சொன்னா."

"விசாரணைக்கு அஞ்சு நாள் இருக்கறப்ப ஒம் பொண்டாட்டிக்கு மில்லு ஞாபகம் வந்துச்சாக்கும். கெர்ஷோம் ஒன்ன வந்து பாத்தானா? கலாபா பாத்தாரா?"

எனக்குக் கோபம் வந்தது. "பதினாறு வருஷமா எதிர்ல ஒக்காந்திருக்கேன். ஒரு தடவையாவது ஒங்ககிட்டப் பொய் சொல்லியிருக்கேனா?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "கண்டுபிடிச்சதில்ல," என்றார்.

இருந்தாலும் சனிக்கிழமை காலையில் என்னோடு மினிபஸ் ஏறினார். நான் முன்கூட்டியே சொல்லிவைத்து அங்கே ஏதாவது ஏற்பாடு செய்துவிடக்கூடாது என்று, பஸ்ஸில் ஏறிய பிறகு என் போனை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

காசொம்பே மில்லு ஒரு தகரக் கொட்டகை. நடுவில் டீசல் எஞ்சின், அதிலிருந்து ஒரு வார் மாவரைக்கும் இயந்திரத்துக்குப் போனது. சிமுகொண்டா கனத்த உடம்புக்காரர். புருவம் வரை மாவு. லுபுட்டோ அம்மா தான் யாரென்று சொன்னதும் அவர் முகம் இறுகியது.

"எங்க மாவுல மண்ணு இல்ல. சுகாதார ஆபீசர் வந்து பாத்துட்டுப் போயிட்டார்," என்றார்.

"நாங்க மாவப் பாக்க வரல. டிரம்மப் பாக்கணும்."

"நீங்கதான் என் மருமகனுக்குக் கையெழுத்துப் போடாத அம்மாவா?"

"நான்தான்."

அவர் உள்ளே விடமாட்டார் என்றுதான் நினைத்தேன்.  ஆனால் ஒதுங்கி வழிவிட்டார். கொட்டகையின் பின்சுவரை ஒட்டி எங்கள் பட்டறையின் டிரம் நின்றது. மோட்டாரைக் கழற்றிவிட்டு, எஞ்சினிலிருந்து இன்னொரு வார் போட்டு இழுக்க ஒரு சக்கரம் பொருத்தியிருந்தார்கள். பக்கத்துப் பலகையில் தகர டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் எண் எழுதி, உள்ளே துணியில் சுற்றிய உலோகத் துண்டுகள். எடை போட மட்டும் கெர்ஷோம் டப்பாவோடு பல்கலைக்கழகத்துக்கு வருவானாம். அந்தத் தராசு பாட்டரியில் ஓடுவது. போன வருடம் கையில் டப்பாவோடு அவன் எங்கள் ஜன்னலைக் கடந்து போவதை நாங்கள் இருவரும்தான் பார்த்தோம். அது அவனுடைய மதியச் சாப்பாடு என்று நினைத்திருந்தேன்.

"நோட்டு இருக்கா?" என்றார் லுபுட்டோ அம்மா.

சிமுகொண்டா மாவு மூட்டைகளுக்கு மேலிருந்த அலமாரியில் கைவிட்டு ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். அட்டை இல்லை. எண்ணெய்க் கறை, மாவு, ஓரங்கள் சுருண்டிருந்தன. மணிக்கு ஒரு முறை தண்டு நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றியது என்று எழுதியிருந்தது. மூன்று விதக் கையெழுத்து, நாலைந்து விதப் பேனா, சில இடத்தில் பென்சில்.

"இந்தக் கோழிக் கிறுக்கல் எழுதினது யாரு?"

"அது நான். அவன் வேலைக்குப் போற நேரத்துல நான் எழுதுவேன். மில்லு மூடின பிறகு அவன் வந்து டீசல் ஊத்தி ஓட்டுவான். அந்தச் சின்ன எழுத்து என் சம்சாரம்."

சில எண்களுக்குப் பக்கத்தில் 'மூட்டை' என்று எழுதியிருந்தது. லுபுட்டோ அம்மா விரலை அதில் வைத்தார்.

"மக்காச்சோளம் மூட்டையக் கொட்டினா எஞ்சின் வேகம் கொறையும். கொட்டின நேரத்த எழுதிவைங்க மாமான்னு சொன்னான். எழுதினேன்."

லுபுட்டோ அம்மா பையிலிருந்து ஆய்வேட்டின் நகலை எடுத்தார். ஒரு மாவு மூட்டை மேல் உட்கார்ந்து, இரண்டையும் மடியில் வைத்து ஒத்துப் பார்க்க ஆரம்பித்தார். பதினோரு மணி ஆயிற்று. மாவரைக்க வந்த பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். எடைக்கணக்கு எண்கள் கடைசிப் புள்ளிவரை ஒத்துப்போயின. தேதிகள் ஒத்துப்போயின. வேகம் மட்டும் ஒத்துப்போகவில்லை. பள்ளிக்கூட நோட்டில் ஆயிரத்து முன்னூற்று எண்பதிலிருந்து ஆயிரத்து நானூற்று எழுபதுவரை ஏறி இறங்கியது. ஆய்வேட்டில் எல்லா இடத்திலும் ஒரே எண், ஆயிரத்து நானூற்று ஐம்பது. சோதனை நடந்த இடம் எங்கள் துறைப் பட்டறை என்றும் எழுதியிருந்தது.

அந்த நேரத்தில் கெர்ஷோமே வந்து சேர்ந்தான். மாமா யாரையோ அனுப்பிச் சொல்லியிருக்க வேண்டும். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"ஏன்பா இத எங்கிட்டச் சொல்லல?" என்றார் லுபுட்டோ அம்மா.

"சோதனைய டிபார்ட்மெண்ட் லேப்லயோ, குழு ஒத்துக்கிட்ட லேப்லயோதான் செய்யணும்னு நிபந்தனை இருக்கும்மா. மாவு மில்ல எந்தக் குழு ஒத்துக்கும்? விண்ணப்பம் போட்டா ஆறு மாசம் ஆகும். எனக்கு ஆறு மாசம் இல்ல. சகாலா ஐயா கைகால்ல விழுந்து கருவிய எடுத்துட்டு வந்தேன். சொன்னா அவர் வேலையும் போயிடும்."

"வேகத்த ஏன் மாத்தின?"

"அவ்ளோ ஏறி எறங்கினா எந்த எஞ்சின்ல ஓட்டினன்னு தேர்வாளர் கேப்பாரு."

"கேக்கணும்தான். அதுக்குத்தானே தேர்வாளர்." அவர் மூட்டையிலிருந்து எழுந்து பாவாடையில் ஒட்டிய மாவைத் தட்டினார். "நீ செஞ்ச வேலை நெஜம். எழுதினது பொய். நான் என்னடான்னா செஞ்சதும் பொய்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"அப்போ கடிதத்தத் திருப்பி வாங்கிக்குவீங்களா?"

"அந்த நோட்டக் குடு," என்றார். அவன் தயங்கினான். அதைக் கொடுத்தால் தன் பொய்க்கும் அதுவே சாட்சி என்று அவனுக்குத் தெரியும். மாமாவைப் பார்த்தான்.  கடைசியில் அவனே தலையசைத்தான். நோட்டு கைப்பைக்குள் போனது, என் போனுக்குப் பக்கத்தில்.

மார்ச் ஐந்தாம் தேதி குழுவின் முன்னால் லுபுட்டோ அம்மாவைக் கூப்பிட்டார்கள். குறிப்பெழுத நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் நின்றுகொண்டே பேசினார்.

"என் கடிதத்துல ரெண்டு விஷயம் எழுதினேன். மோட்டார் ஓடியிருக்க முடியாதுன்னேன், அது சரி. எண்ணெல்லாம் கற்பனைன்னேன், அது தப்பு. அந்தப் பையன் அஞ்சு மாசம் ஒழைச்சிருக்கான். நான் அவன் பேருக்குக் கெடுதல் பண்ணிட்டேன். அந்த வரிய நான் எழுத்துல திருப்பி வாங்கிக்கிறேன். ஆனா பதின்மூணாவது கட்டத்துல என்னால இன்னும் குறி போட முடியாது."

பேராசிரியர் முசுக்வா பள்ளிக்கூட நோட்டை மெதுவாகப் புரட்டினார். 'மூட்டை' என்ற சொல்லில் நின்றார், சிரிக்கவில்லை. "டாக்டர் கலாபா, இந்த நோட்ட நீங்க இதுக்கு முன்னால பாத்திருக்கீங்களா?" என்றார்.

"இல்ல. மாணவன நம்பினேன்."

"நம்பிக்கைக்கு நம்ம மஞ்சள் தாள்ல கட்டம் இல்லையே டாக்டர்."

முடிவு இரண்டு பக்கமும் கசந்தது. ஆய்வேடு தள்ளுபடியாகவில்லை. ஆனால் மூன்றாம் அத்தியாயத்தை முழுக்க மாற்றி எழுதி, எங்கே, எந்த எஞ்சினில், எந்த வேகத்தில் என்று உள்ளபடி சொல்ல வேண்டும். மூன்று சோதனைகளைப் பட்டறையில், சாட்சி முன்னிலையில் திரும்பச் செய்து காட்ட வேண்டும். பொய்யாக எழுதியதற்குக் கோப்பில் ஒரு கண்டனக் கடிதம். பதிவை ஆறு மாதம் நீட்டித்தார்கள். ஜூன் பட்டமளிப்பு அவனுக்கு இல்லை. சகாலாவுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. டாக்டர் கலாபாவுக்கு என்ன கொடுத்தார்கள் என்பது மூடிய அறையில் நடந்தது, எனக்குத் தெரியாது.

சாட்சியாக லுபுட்டோ அம்மாவையே போட்டார்கள். ஜெனரேட்டர் அப்போது சரியாகியிருந்தது. மூன்று சோதனைக்கும் அவர் பட்டறைக்குப் போய் டிரம்மின் மூடியில் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு, முடிந்ததும் காகிதம் கிழிந்திருக்கிறதா என்று பார்த்தார். இரண்டு சோதனைகள் பழைய எண்களோடு ஒத்துவந்தன. மூன்றாவது பதினோரு சதவீதம் விலகியது. கெர்ஷோம் அதையும் அப்படியே எழுதினான். வெளித்தேர்வாளர் அந்த விலகலைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் கேட்டாராம். மில்லில் மூட்டை கொட்டும்போது வேகம் குறைந்ததால் வந்தது என்று படம் போட்டு விளக்கினான். நம் நாட்டுச் சுரங்கங்களில் எந்தப் பம்பும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, அதனால் மில்லில் எடுத்த இந்த எண்கள்தான் உபயோகம் என்று தேர்வாளர் எழுதியிருந்தார். அந்த அறிக்கையைக் கோப்பில் தைத்தபோது லுபுட்டோ அம்மா இரண்டு தடவை படித்தார். கையெழுத்தைப் பழைய அறிக்கையின் கையெழுத்தோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் தைத்தார்.

கெர்ஷோம் அவரை மன்னிக்கவில்லை. எங்கள் அறைக்கு வந்தால் என்னிடம் காகிதத்தைக் கொடுத்து, "அம்மாகிட்டக் குடுத்துடுங்க ஐயா," என்பான். அம்மா மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார்.  ஒருநாள் அவன் போன பிறகு, "அவன் கோபம் நியாயம்தான்," என்றார். "நான் எழுதின அந்த வரி பத்து நாள்ல ஊரு பூராப் பரவுச்சு. திருப்பி வாங்கின கடிதத்த எவன் படிச்சான்?" தன்னைப் பற்றி நாத்தனார்கள் பேசியது நினைவுக்கு வந்திருக்குமோ என்று நினைத்தேன், கேட்கவில்லை. ஆகஸ்டில் மஞ்சள் தாளில் பதினெட்டாவது கட்டம் ஒன்று சேர்ந்தது. சோதனை நடந்த இடத்தைப் பற்றி மாணவரும் தொழில்நுட்பரும் சேர்ந்து கையெழுத்திட்ட உறுதிமொழி. அதை டைப் அடித்தவரும் அவர்தான்.

பெர்த்தாவிடம் டிரம்மின் கதையை முழுக்கச் சொன்னேன். "அப்ப மாவுல கடிச்சது என்ன?" என்றாள்.  காசொம்பே பெண்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள், மீதிப் பேர் வரவில்லை என்று சிமுகொண்டா பின்னால் ஒருமுறை சொன்னார்.

டிசம்பர் பட்டமளிப்பில் கெர்ஷோம் கறுப்பு அங்கி போட்டு மேடையேறினான். விழா முடிந்து திடலில் கூட்டம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு முதிய பெண்மணி, இடுப்பில் பூப்போட்ட புது சித்தெங்கெத் துணி சுற்றியவர், நேராக எங்களிடம் வந்தார். கெர்ஷோமின் அம்மா. இரண்டு கையையும் குவித்து மெல்லத் தட்டி, முழங்காலைச் சற்று மடக்கி, முறைப்படி வணக்கம் சொன்னார். பிறகு நிமிர்ந்தார்.

"என் புள்ளைய ஒரு வருஷம் நிறுத்தி வெச்சது நீங்கதானா?"

"ஆறு மாசம்," என்றார் லுபுட்டோ அம்மா.

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "என் தம்பி அந்த நம்பரையெல்லாம் எழுதினான். அவனுக்கு நாலாங்கிளாஸ்தான். அவன் எழுதினது சரிதானா?"

"நான் ஒவ்வொண்ணாப் பாத்தேன். சரி."

"எல்லாமே?"

"ரெண்டு எடத்துல ஏழ ஒண்ணு மாதிரி எழுதியிருந்தார். கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

தூரத்தில் மகன் கூப்பிட்டான். அவர் போகத் திரும்பியவர் நின்று, மடியிலிருந்து வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து லுபுட்டோ அம்மாவின் கையில் வைத்துவிட்டுப் போனார். லுபுட்டோ அம்மா பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். எனக்கு ஒரு பிடி கொடுத்தார். நான் மென்று முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.